அடுத்த சனிக்கிழமை

பத்துப் பேர் ஓடுவார்கள். களைத்துப் போவதோ ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்கள். யார் அவர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்?

அதிகம் யோசிக்க வேண்டாம். வெக்ஸ்போர்ட் பக்கத்தில் ஒரு கல்லூரி இருந்தது. அதற்கொரு கூடைப்பந்து அணி. அந்த அணியின் ரசிகர்கள்தான். தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசி மாதத்தில் அவர்களைவிடக் களைத்தவர்கள் ரொறன்ரோவில் இல்லை.

டிசம்பர் நத்தார்ப் பண்டிகைக்கு முன் பத்து ஆட்டத்தில் ஒன்பது வெற்றி. நத்தாருக்குப் பின் ஒன்பது ஆட்டத்தில் இரண்டே இரண்டு. இன்று கடைசி ஆட்டம். வென்றால் அடுத்த சனிக்கிழமை பிளேஓஃப் என்கிற இறுதிச் சுற்று. தோற்றால் அடுத்த வருஷம்தான்.

"எல்லாம் அந்தப் பதினோராம் நம்பராலை வந்த வினை," என்றார் சூசைதாசன். அந்தக் கல்லூரியில் துப்புரவு வேலை செய்பவர். அணியின் உள்வீட்டுக் கதையெல்லாம் அவருக்கு அத்துப்படி. "நல்லா விளையாடின பெடியன். நத்தாரோடை நிண்டிட்டான்."

"ஏனாம் அண்ணை?" என்று கேட்டார் தியாகலிங்கம்.

"தாய்க்குச் சுகமில்லையாம். கடையை இவர்தான் பாக்க வேணுமாம். சனிக்கிழமை ரெண்டு மணித்தியாலம் கடையைப் பூட்டினால் கனடா கவிண்டு போடுமே?"

"அது சாட்டு அண்ணை." தியாகலிங்கம் கொட்டாவியை விழுங்கினார். "நம்பியிருக்கிற பெடியளை இடையிலை விட்டிட்டுப் போறவன் என்ன மனிசன்?"

பக்கத்தில் இருந்த அவருடைய மகள் சுபாங்கி, ஆறாம் வகுப்பு, நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த அண்ணா செய்தது ஃபெயர் இல்லை, அங்கிள். டீமிலை ஒருத்தருக்கும் காரணம் சொல்லேல்லையாமே?"

"கேட்டியே தியாகு! பிள்ளைக்கு விளங்குது, அவனுக்கு விளங்கேல்லை."

சுபாங்கியின் பையில் ஒரு கடிதம் இருந்தது. அவளும் பள்ளிக்கூட அணியில் விளையாடுகிறாள். பயிற்சி மத்தியான இடைவேளையில் என்பதால் வீட்டில் யாருக்கும் தெரியாது. அணியில் ஏழே ஏழு பிள்ளைகள். பந்தைக் கொண்டு ஓடுவது அவள்தான். இறுதி ஆட்டம் அடுத்த சனிக்கிழமை, நகரத்தின் மறுகரையில், ரெக்ஸ்டேலில். பெற்றோர் ஒருவர் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அம்மாவுக்குச் சனி ஞாயிறு வேலை. அப்பாதான் மிச்சம்.

கல்லூரி வென்றால் அப்பா பிளேஓஃப் பார்க்க இங்கே வருவார். தோற்றால் ரெக்ஸ்டேலுக்கு வரலாம்.

அதனால் இன்று கல்லூரி தோற்க வேண்டும் என்று அவள் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. கிழமை முழுக்க மிசிசாகாவில் இரவு வேலை. இன்று காலை ஒன்பது மணிக்கு வந்து படுத்தவர், பன்னிரண்டுக்கே எழும்பி வந்திருக்கிறார். சனிக்கிழமை ஆட்டம் ஒன்றையும் அவர் தவறவிட்டதில்லை.

"கோச் நிக்கிற நிலையைப் பார்," என்றார் சூசைதாசன். "பஸ்ஸுக்கு நிக்கிற ஆள் மாதிரி."

"பிளேஓஃபுக்குப் போவாங்களோ அண்ணை?"

"போனாலும் முதல் நாளே உரிச்சு அனுப்புவாங்கள். ஆனாலும் போகவேணும். பனிக்குள்ளாலை இவ்வளவு நாளும் வந்தனாங்களெல்லே!"

கடைசி நிமிடம். ஒரு புள்ளி பின்னால். பதினோராம் நம்பரின் இடத்தில் விளையாடியவன் பந்தை எறிந்தான். அது வளையத்தில் தட்டி வெளியே விழுந்தது. மணி அடித்தது.

"துலைஞ்சுது!" சூசைதாசன் தலையில் கை வைத்தார்.

சுபாங்கி தன் சந்தோஷத்தை மறைக்கக் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினாள். பிறகு மேல்சட்டைகளை எடுத்துவர ஓடினாள். திரும்பி வரும்போது தூணுக்கு அந்தப் பக்கம் அப்பாவின் குரல் கேட்டது.

"உண்மையைச் சொல்லட்டோ அண்ணை? தோத்தது நல்லது."

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்?"

"இவங்கள் பந்தை ஏன் நிலத்திலை தட்டித் தட்டிக்கொண்டு போறாங்களெண்டே எனக்கு இன்னும் விளங்கேல்லை. பிள்ளைக்கு விருப்பம். தனிய விடேலுமே? அதுதான் நித்திரையை முறிச்சுக்கொண்டு வந்தனான். அடுத்த சனி கட்டிலிலை விழுந்தனெண்டால் ஞாயிறுதான் எழும்புவன்."

"உனக்கு விருப்பமெண்டெல்லே நான் பாஸ் எடுத்துத் தந்தனான்!"

"பிள்ளைக்குச் சொல்லிப் போடாதையுங்கோ."

சுபாங்கி கொஞ்ச நேரம் தூணோடு நின்றாள். பிறகு போய் அப்பாவிடம் மேல்சட்டையைக் கொடுத்தாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அப்பாவின் கண்கள் செருகின. ஆனாலும் கேட்டார்.

"பள்ளிக்கூடக் கடிதம் ஏதோ கிடக்கெண்டாய்?"

அவள் எடுத்துக் கொடுத்தாள். ஆங்கிலக் கடிதம் எதுவானாலும் அவள்தான் வாசித்துச் சொல்வாள். அவள் காட்டுகிற இடத்தில் அவர் கையெழுத்து வைப்பார்.

"என்னவாம் பிள்ளை?"

"அடுத்த சனி ஏதோ போட்டியாம், அப்பா. விருப்பமான ஆக்கள் போகலாமாம்."

"நீ போகேல்லையே?"

"இல்லை."

"ஏன், போவனம்மா. நான் கூட்டிக்கொண்டு போறன்."

"எனக்கு விருப்பமில்லை அப்பா. இதிலை வையுங்கோ."

அவர் கையெழுத்து வைத்தார். பேனையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு யன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்தார்.

கையெழுத்துக்குக் கீழே, பிள்ளை வருவாரா என்று கேட்டு இரண்டு கட்டங்கள் இருந்தன. சுபாங்கி 'வர மாட்டார்' என்ற கட்டத்தில் சரி போட்டாள்.