காதில் சொன்ன வசனம்

"சீரியல் பாத்து மனசு மாறிட்டாரு அத்தான்" என்று என் அப்பாவைப் பற்றித் தம்பி மனைவி தனம் சொன்னதை நான் பல வருஷம் நம்பவில்லை. அப்பாவே அப்படித்தான் சொன்னார். அப்போதும் நம்பவில்லை.

என் அப்பா அய்யம்பெருமாள் அப்படி மாறுகிற ஆள் இல்லை.

தொண்ணூற்றாறில், வேப்பந்தட்டைப் பக்கம் எங்கள் வயலில் சின்ன வெங்காயம் சேர்த்து வைத்திருந்த பட்டறை பட்டப்பகலில் எரிந்தது. ஒரு போகத்து வெங்காயம் மொத்தமும் கரி. அதற்கு முதல் நாள்தான் பாகம் பிரிக்கச் சொல்லி நான் அப்பாவோடு சண்டை போட்டிருந்தேன். பார்த்த சாட்சி யாரும் இல்லை. ஆனாலும் அப்பா என்னைத்தான் கை காட்டினார்.

ஊர் பார்க்க, மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்து, நான் தீ வைக்கவில்லை என்று சத்தியம் செய்தேன்.

"சத்தியத்த நீயே வச்சிக்க. பட்டறைக்கு வச்ச கையால எனக்குக் கொள்ளி வைக்க வேணாம். அதுக்குச் சின்னவன் இருக்கான்" என்றார்.

மனைவி சிந்தாமணியோடு அரியலூருக்கு வந்துவிட்டேன். சிமெண்ட் ஆலையில் லாரி எடை போடும் வேலை. ஏழு வருஷம் அப்பா முகத்தில் விழிக்கவில்லை. அவர் செத்தால் மூத்த பிள்ளை நான் சுடுகாட்டில் எங்கே நிற்பது? வேலைக்கு நடுவே அதுதான் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாயிரத்து மூன்றில் ஒரு நாள் காலை தம்பி அறிவழகன் போன் செய்தான்.

"அண்ணே, அப்பா ஒன்னய உடனே வரச் சொல்றாரு."

"எதுக்குடா?"

"தெரியல. நேத்துலேருந்து அழுவுறாரு."

போனேன். அப்பாவுக்குக் காது சுத்தமாகப் போயிருந்தது. கண் மட்டும் நன்றாகத் தெரிந்தது. தினமும் ஏழரை மணி சீரியலை விடமாட்டாராம். தனம் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வசனத்தையும் அவர் காதில் கத்த வேண்டுமாம்.

என் கையைப் பிடித்துக்கொண்டு சீரியல் கதையைத்தான் முதலில் சொன்னார்.

"அந்தப் பெரிய புள்ள தங்கம்டா. அப்பன் குடிக்கிற பால்ல தெனம் சத்து மாவு கலந்து குடுக்குறான். அந்தக் கெழட்டுப் பய அவனையே சந்தேகப்படுறான். நேத்து போலீசு வந்து தப்பா புடிச்சிட்டுப் போயிட்டாங்க. ஜீப்புல ஏறுறப்பகூடத் திரும்பிப் பாத்து, 'வேளைக்கு சாப்புடுங்கப்பா'ன்னான். பெத்தவன் வாயத் தொறக்கலடா."

கையை விடாமலே, "நானும் ஒனக்காகத் தொறக்கலியே" என்றார்.

எட்டு மாதத்தில் போய்விட்டார். கொள்ளி நான்தான் வைத்தேன்.

போன வருஷம்தான், இரண்டாயிரத்து ஏழில், அதே சீரியலை மத்தியானத்தில் மறுபடியும் போட்டார்கள்.

"ஒங்கப்பாவையே மாத்துன சீரியலாச்சே, வந்து பாருங்க" என்றாள் சிந்தாமணி.

பார்த்தேன்.

பாலில் அந்தப் பெரிய பிள்ளை கலந்தது சத்து மாவு இல்லை. பெற்ற அப்பனையே கொஞ்சம் கொஞ்சமாகப் பைத்தியமாக்கும் பொடி. இனிக்க இனிக்கப் பேசியே வீட்டில் ஒருத்தரை ஒருத்தர் நம்பாமல் ஆக்கி வைத்திருந்தான். அவன் துவைக்கப் போட்ட சட்டைப் பையில் பொடியைக் கண்டெடுத்து, போலீசில் கொண்டுபோய்க் கொடுக்கிறாள் அந்த வீட்டுச் சின்ன மருமகள்.

ஜீப்பில் ஏறும்போது அவன் திரும்பிப் பார்த்தது மட்டும் உண்மை. "வெளிய வந்ததும் உன்ன முடிச்சிடுறேன்" என்று அந்த அப்பனிடம் சொல்லிவிட்டு ஏறினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குப் பஸ் ஏறினேன். தம்பி மோட்டார் கொட்டகையில் இருந்தான். தனம் தொட்டிப் பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா தனம், அந்த சீரியல்ல பெரியவன் கெட்டவனாமே?"

"அய்யய்யோ, பாத்துட்டீங்களா?" சோப்பு நுரைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏன் மாத்திச் சொன்ன?"

"மொத நாளு சரியாத்தான் சொன்னேன் அத்தான். 'நம்ம வூட்டுலயும் ஒண்ணு இருந்துச்சே'ன்னு மாமா சோத்துல கைய கழுவிட்டு எந்திரிச்சிட்டாரு. ரெண்டு நாளு பட்டினி. மூணாவது நாளு, 'நாந்தான் தப்பா புரிஞ்சிக்கிட்டேன் மாமா'ன்னு பெரியவன நல்லவனாக்கிட்டேன். ரெண்டு தோசை கூட கேட்டு வாங்கித் தின்னாரு."

"பால்ல பொடி கலக்குறது கண்ணுக்குத் தெரியுமே?"

"கேட்டாரே! 'அது என்னா கலக்குறான்?'னாரு. சத்து மாவுன்னேன். 'இம்புட்டாவா?'ன்னாரு. பாசம் மாமான்னேன்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அடங்கவும் செய்தது.

"அப்ப என்னையக் கூப்புட்டதே ஒன் பொய்யாலதானா?"

"நான் வசனத்ததான் மாத்துனேன். அழுதது அவரா அழுதாரு."

"நான் நல்லவன்னு நெனச்சா அப்பிடிச் செஞ்ச?"

கையிலிருந்த தம்பியின் கைலியை முகர்ந்து பார்த்தாள்.

"டீசல் வாடை போவுதா பாருங்க, சனியன்" என்று மறுபடி கல்லில் போட்டாள்.

பட்டறை எரிந்தபோது அவள் கல்யாணமாகி வந்து மூன்று மாதம். அன்றைக்கு எல்லோரும் வயலுக்கு ஓடினார்கள். புதுப்பெண் என்று அவளை மட்டும் வீட்டில் விட்டுவிட்டார்கள். நான் அவிழ்த்துப் போட்ட கைலியும் இதே கல்லில் கிடந்தது. வயலிலிருந்து நான் திரும்பி வந்தபோது அது கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

பதினோரு வருஷம் கழித்துக் கேட்டேன்.

"தனம், அன்னிக்கு என் கைலியிலேருந்து மண்ணெண்ணெய் வாடை போறதுக்கு எத்தன தடவம்மா சோப்புப் போட்ட?"