ஆன்டெனா கேட்ட பாட்டு

பழைய இரும்புக்கடை மூலையில் கிடந்த டிவிப் பெட்டிக்கும் ஸ்டெபிலைசருக்கும் எந்நேரமும் ஒரே பேச்சு, ஞாயிற்றுக்கிழமை நாட்டுப்புறப் பாட்டு நிகழ்ச்சிதான்.

“அந்த மாதிரிப் பாட்டு இனி வருமா?” என்றது ஸ்டெபிலைசர்.

“எங்கே வரும்? அதையும் இந்த ஆன்டெனா புள்ளி புள்ளியாக்கிக் கெடுத்துச்சு,” என்றது பெட்டி.

பக்கத்தில் கிடந்த ஆன்டெனாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

“மொட்டைமாடியில மழையிலும் வெயிலிலும் நின்னவன்டா நான்! காக்கா உட்கார்ந்து லேசாத் திரும்பிட்டா, ‘தெரியுதா, தெரியுதா’ன்னு கத்திக்கிட்டே என் கழுத்தைத் திருகுவாங்க. அத்தனை பாட்டையும் பிடிச்சுக் கீழே அனுப்பினேன். நான் ஒண்ணுகூடக் கேட்டதில்லை. எங்கே, இப்ப ஒண்ணு பாடுங்கடா!”

பெட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு ஸ்டெபிலைசரைப் பார்த்தது. ஸ்டெபிலைசர் பெட்டியைப் பார்த்தது. இரண்டுக்கும் ஒரு வரிகூட வரவில்லை.

“இதுக்காடா நான் மழையில நின்னேன்?” என்றது ஆன்டெனா.