பூட்டியிருந்த கேட்

கார் களவு போய்விட்டதென்று முறையிட ருஸ்தி காலையிலேயே பொலிஸுக்குப் போய்விட்டான். வீட்டு வாசலைப் பார்க்க வந்த சார்ஜன்ட், அவன் மனைவி ஜஹானாவிடம் கேட்டார்.

"ராத்திரி கேட்டைப் பூட்டாம விட்டீங்களோ?"

கவனயீனம் என்று எழுதிவிடுவாரோ என அவள் பதறினாள்.

"அவர் மறக்கிற ஆளில்ல சேர். கேட்டுக்கும் பூட்டு, ஸ்டியரிங்குக்கும் பூட்டு. சாவியெல்லாம் அவர்ட கையிலதான், எனக்குக்கூட தரமாட்டார். விடிய சுபஹு தொழ நான் எழும்பினப்பவும் கேட் பூட்டித்தான் இருந்திச்சு. அவரில்லாம அந்தக் கார ஒருத்தருக்கும் எடுக்க ஏலா."

சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றினார்.

"கார் கடுகண்ணாவையில கெடச்சிட்டு, தங்கச்சி. ராத்திரி ரோட்டுல போன ஒரு பொம்பளய காரால அடிச்சுக் கொன்னுட்டு, ஓட்டினவன் கார விட்டுட்டு ஓடிட்டான். கள்ளன்தான் ஓட்டியிருக்கணும்னு உங்கட மாப்பிள்ள ருஸ்தி சொன்னார்."

சொன்னதைத் திருப்பி எடுக்க ஜஹானா வாய் திறந்தாள். அவள் கண்கள் கேட்டில் தொங்கிய பூட்டில் போய் நின்றன.