கார்புரேட்டரில் செம்மண்

ஷெட்டில் நிற்கும் பழைய ஃபியட்டை என் கணவர் இரண்டு வருடமாக வெளியே எடுக்கவில்லை. ஞாயிறுதோறும் ஏர் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே என்ஜினைக் கால் மணி நேரம் ஓடவிடுவார்.

"தூசி உள்ள போகாதாங்க?"

"மூடின ஷெட்ல ஏதுடி தூசி? ஃபில்டர் இருந்தா அதுக்கு மூச்சு முட்டும். எங்கம்மா மாதிரி முனகும்."

இந்த ஞாயிறு, என்ஜினை அணைத்துவிட்டு அவர் ஃபோன் பேச வெளியே போனார். என்ஜினுக்குக் காற்று போகும் கார்புரேட்டரின் வாய்க்குள் கைக்குட்டையை விட்டுத் துடைத்தேன். மாவு போன்ற செம்மண் ஒட்டியது. எங்கள் ஊர் முழுக்கக் கரிசல். செம்மண்ணைப் பார்க்க நாற்பது கிலோமீட்டர் போக வேண்டும். வார நாட்களில் பகல் முழுதும் நான் வேலையில் இருப்பேன்.

அவர் திரும்பியதும், "வண்டிய எங்கயாவது எடுத்தீங்களா?" என்றேன்.

"இது எங்கடி நகரும்? கிளட்ச் போய் ரெண்டு வருஷமாச்சு."

கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் பார்வை அங்கே ஒரு கணம் நின்று என்ஜினுக்குத் திரும்பியது.

மறுநாள் மாலை நான் வீடு வந்தபோது பானெட் திறந்திருந்தது. கழுவிய கார்புரேட்டர் பளபளத்தது. அவர் அதன்மேல் புது ஃபில்டரை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நீ சொன்னது சரிதாம்மா," என்றார். "தூசி போகத்தான் செய்யுது."