மிச்சம் ஒன்று

பேக்கிங் மேசை துடைத்துவிட்டதுபோலக் காலியாக இருக்கிறது. தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் வெயில், டேப் ஒட்டி அடுக்கிய பெட்டிகளின் மேல் வட்டமாக நிற்கிறது. பெட்டிக்கு முப்பத்தாறு பனியன். செக்கிங்கில் எண்ணி வந்தது 48,421. முதலாளி அப்புசாமி அந்த எண்ணைக் கண்களை இடுக்கிக்கொண்டு பார்க்கிறார். "ஒம்பதுல வகுத்தாலும் ஒண்ணு மிஞ்சுது, நாலுல வகுத்தாலும் ஒண்ணு மிஞ்சுது. அப்பறம் முப்பத்தாறுல மட்டும் எப்படீங்க மிஞ்சாமப் போகும்? அந்த ஒரு பீஸ் எங்கீங்க?" "எல்லாம் பெட்டிக்குள்ள போயாச்சு மொதலாளி" என்கிறாள் பேக்கிங் செய்த முத்துப்பேச்சி. அவர் பார்வை ஆணியில் தொங்கும் சாப்பாட்டுப் பைகளை ஒவ்வொன்றாகத் தடவிவிட்டு அவள் இடுப்புக்கு வந்து நிற்கிறது. தோளில் கிடக்கும் வெள்ளைத் துணியை எடுத்துக் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொள்கிறார். அதில் கம்பெனி டேக் ஆடுகிறது. மற்ற தொழிலாளர்கள் எல்லோரும் அந்த டேக்கையே பார்க்கிறார்கள்.