சிவப்புப் புள்ளி

நல்லவேளை, இந்த மாதமும் நம் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டாள் அக்கா. சட்டை தைக்கும் அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான்.

கோணலாகித் திரும்பிவரும் ஒவ்வொரு சட்டைக்கும், தைத்தவர் பெயருக்கு நேரே சுவர்ப் பலகையில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். பக்கத்து மெஷின்காரியின் பெயருக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது. எந்நேரமும் தைத்ததைப் பிரித்துக்கொண்டிருப்பதால் அவளுக்குக் ‘கத்திரி’ என்று பட்டப்பெயர்.

மேற்பார்வையாளர் வந்தார். “அக்கா, திங்கக்கிழமை புதுசா எட்டுப் பேர் வர்றாங்க. காலர் தைக்க நீங்கதான் சொல்லித்தரணும்.”

“கத்திரியைக் கேளுங்களேன் சார்.”

“அவளையா? நல்லா இருக்கே கதை! ஆறு வருஷமா ஒரு புள்ளி வாங்காத கை உங்களுது.”

கத்திரியே சிரித்தாள். “ஆமாக்கா, எங்கிட்ட வந்தா எட்டுப் பேரும் பிரிக்கத்தான் பழகுவாங்க!”

அக்காவுக்கு முகம் சுட்டது. தினமும் இருவருக்கும் பொதுவாக வரும் துணிக்கட்டை அவிழ்த்ததும், எளிதில் கோணலாகும் காலர்களைச் சத்தமில்லாமல் கத்திரி பக்கம் தள்ளிவிட்டு, நேர்த் தையலை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். ஆறு வருடத்தில் அவள் ஒரு காலர்கூடத் தைத்ததில்லை. கத்திரியோ புள்ளி புள்ளியாக வாங்கியே அதைக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

“நான் சொல்லித்தர மாட்டேன் சார்,” என்றாள் மெதுவாக. “கத்திரி சொல்லித்தரட்டும். ஒன்பதாவது ஆளா நானும் உக்காந்துக்கறேன்.”