உள்ளே நின்ற பாய்லர்

"பத்தவச்சாப் போதுமா, புதுசு வாங்கணுமாண்ணே?" என்று தேவகிருபை கேட்டாள். காலையில் வெந்நீர் போடும்போதுதான் செம்புப் பாய்லரில் விரிசலைப் பார்த்திருந்தாள். பாத்திரம் பற்றவைக்கும் பிச்சைக்கனி சுத்தியலால் மெல்லத் தட்டினார். செம்பு சருகாக உதிர்ந்தது. உள்ளே வெள்ளையாக இன்னொரு பாய்லர் நின்றது. இருபது வருடத் தண்ணீர் படியவிட்ட உப்பு. ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. பிச்சைக்கனி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"செம்பு எப்பவோ போயிருச்சும்மா. இந்த உப்புதான் உங்களைக் காப்பாத்தியிருக்கு. இனிமே தீ வைக்காதீங்க, வெடிச்சிரும். புதுசு வாங்கிருங்க."

"புதுசு வர நாலு நாளாகுமே. தினம் முதல் குடம் வெந்நீர் பக்கத்து வீட்டு மீரானுக்கு. படுத்த படுக்கை. ஒத்தடம் கொடுக்காமக் காலை நீட்ட முடியாது."

அவர் அந்த வெள்ளைச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"இன்னைக்கு இந்தத் தண்ணி போதும், மத்த நாளுக்கு என் அடுப்புல காய்ச்சித் தாரேன். அந்தக் குடத்தை இப்படிக் கொடுங்கம்மா," என்றார்.